முதலில் நிற்கட்டும்: பழைய ஜீப்பை வீட்டு முற்றத்தில் ஓடவைத்த அனுபவம்

பல வருடம் நின்றுபோன ஜீப் கைக்கு வந்ததும், ஒரு பேட்டரியைக் கட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அந்த ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கிக்கொண்டால் வண்டிக்கும் நல்லது, நமக்கும் நல்லது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் முதல் வேலை, இன்ஜின் அப்புறம். போடி பக்கம் இருப்பவனுக்கு இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்க முடியாத ஜீப்புக்கு ஏறத் தெரிந்து என்ன பயன்?

நான் எடுத்தது ஏலக்காய்த் தோட்டத்தில் ஓடிய ஜீப். 1960களின் பிற்பகுதி வண்டி, சிஜே-3பி, பெட்ரோல். அமெரிக்காவின் டொலிடோ நகரில் வில்லிஸ் நிறுவனம் (பின்னாளில் கெய்சர் ஜீப் என்று பெயர் மாறியது) 1953-லிருந்து 1968 வரை தயாரித்த மாடல் இது. நம் ஊரில் மகிந்திரா உரிமம் வாங்கி, அங்கே நிறுத்திய பிறகும் நெடுங்காலம் செய்தது. பழைய ஜீப்புகளுக்குள் இதை அடையாளம் காண்பது சுலபம். பானெட் உயரமாக நிற்கும். காரணம் உள்ளே இருக்கும் ஹரிக்கேன் இன்ஜின். உள்ளிழுக்கும் வால்வுகள் ஹெட்டின் மேலே, புகை வெளியேறும் வால்வுகள் கீழே பிளாக்கில். இந்த ‘எஃப்-ஹெட்’ அமைப்பால் இன்ஜின் உயர்ந்துவிட்டது, அதை மூட பானெட்டும் உயர்ந்தது. 2.2 லிட்டர், நான்கு சிலிண்டர், நீளமான ஸ்ட்ரோக். வேகம் கிடையாது, ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். தோட்டத்துப் பாதைக்கு அதுதான் வேண்டும்.

இந்த இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும் என்பதால் எங்கள் பக்கம் பெரும்பாலான வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார்கள். மாமா கணக்குப்பிள்ளையாக இருந்த தோட்டத்தில் மட்டும், டீசல் ஜீப் வந்ததும் இதைத் தகரக் கொட்டகையில் ஒதுக்கி, மேலே சாக்குகளை அடுக்கிவிட்டார்கள். ஏர் கிளீனருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஆனால் ஒரு பாகம்கூடக் காணாமல் போகவில்லை. நின்றுபோன வண்டி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: துருப்பிடித்திருந்தாலும் முழுசாக இருக்கும் வண்டியை எடுங்கள். பளபளவென்று பெயிண்ட் அடித்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் பலத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லிவர் இல்லாமல் நிற்கும் வண்டி வேண்டாம். துருவுக்கு மருந்து உண்டு. தொலைந்த பாகத்துக்கு அலைச்சல் மட்டும்தான்.

விலை பேசுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாலே எண் தெரியும். அந்த இடத்தில் கம்பி பிரஷையோ கிரைண்டரையோ வைக்கவே வைக்காதீர்கள். தேய்ந்த எண்ணை மறுபடி உண்டாக்க நமக்கு வழி கிடையாது, உரிமையும் கிடையாது.

வேலையைத் தொடங்கும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டேன். வண்டியை மொத்தமாகப் பிரிக்கப் போவதில்லை. வீடியோக்களில் பாடியைத் தூக்கி, சேஸிஸைத் தனியாக்கி, ஒவ்வொரு போல்ட்டையும் கழுவி அடுக்குவது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும், தொடர்ந்து பணமும் வேண்டும். வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை பார்க்கிறவன் மொத்தமாகப் பிரித்துப் போட்டால், கொஞ்ச நாளில் எந்த போல்ட் எங்கே இருந்தது என்பது மறந்துபோகும். ஆர்வமும் வடிந்துவிடும். தேனி மாவட்டத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பாடியும், சாக்கு மூட்டையில் கியர் பாக்ஸுமாகக் கிடக்கும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டிக் கெட்டதைவிடப் பிரித்தே கெட்ட வண்டிகள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். அதனால் ஒரு பகுதியைப் பிரித்தால் அதை முடித்து மாட்டிய பிறகே அடுத்ததில் கை வைப்பது என்று வைத்துக்கொண்டேன். கழற்றும் முன் போனில் ஒரு படம், கழற்றியதும் பாலிதீன் பையில் போட்டு ஒரு சீட்டு. ரொம்பச் சின்ன வேலை, ஆனால் இதுதான் கடைசிவரை காப்பாற்றுகிறது.

இன்ஜின் அப்புறம் என்று சொன்னாலும் முதல் நாளே அதற்கு ஒரு உபகாரம் செய்துவிடலாம். நான்கு பிளக்கையும் கழற்றி, மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி, பிளக்கை லேசாகத் திருகி மூடிவிடுங்கள். பிரேக் வேலை முடியும்வரை அது பாட்டுக்கு ஊறட்டும். துருவேறிய பிஸ்டன் ரிங்கை பலத்தால் அசைத்தால் ரிங் உடையும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும். ஊறவிட்டால் தானாக விடும்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன டிரம் இருக்கும். அது பிடிப்பது ஷாஃப்ட்டை. இது தெரியாமல் ஹேண்ட் பிரேக்கை நம்பி ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஆபத்து. ஷாஃப்ட் நின்றாலும் டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகே படுக்க வேண்டும். செங்கலை அடுக்கி அதன்மேல் நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வேண்டவே வேண்டாம்.

பின் டிரம் இன்னொரு சோதனை. ஆக்ஸில் முனை கூம்பாகக் குறுகி, அதன்மேல் ஹப் இறுகி உட்கார்ந்திருக்கும். சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டினால் டிரம்தான் விரிசல் விடும். இதற்கென்று புல்லர் வேண்டும். வீல் போல்ட்டுகளில் பிடித்துக்கொண்டு நடுவில் திருகி இழுக்கும் வகை. பக்கத்துத் தெரு லேத்து பட்டறையில் அளவு கொடுத்து கடைந்து வாங்கினேன். ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, ஆக்ஸில் நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தி அப்படியே விட வேண்டும். புல்லரை மாட்டி இறுக்கினால் முதலில் ஒன்றுமே நடக்காது. இன்னும் இறுக்கி, நடுத்திருகின் தலையில் ஓங்கி ஓர் அடி. அப்போதும் அசையவில்லை என்றால் அந்த இறுக்கத்திலேயே ராத்திரி முழுக்க விட்டுவிடலாம். எனக்கு மறுநாள் காலையில் இரண்டாவது அடியில் வெடி போட்டதுபோல ஒரு சத்தத்தோடு ஹப் விட்டது. அந்த நட்டு அங்கே இல்லாதிருந்தால் அத்தனை கனமான டிரம் நேராக நெஞ்சுக்கு வந்திருக்கும்.

உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்தோ வாயால் ஊதியோ சுத்தம் செய்யக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் வழித்து எடுத்தேன்.

வீல் சிலிண்டர்களின் உள்ளே பழைய ஆயில் வெல்லப்பாகாக இறுகியிருந்தது. லேசான கறை என்றால் உப்புத்தாளால் தேய்த்துப் பார்க்கலாம். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் குழி விழுந்துவிட்டால் சிலிண்டரையே மாற்றிவிட வேண்டும், ரப்பரை மட்டும் மாற்றினால் மறுபடி கசியும். பிரேக் ரப்பர்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவாதீர்கள், உப்பிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவ வேண்டும். இதில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்குக் கீழே, சேஸிஸோடு ஒட்டி இருக்கிறது. தரையில் உள்ள சின்னத் தகட்டைத் திறந்துதான் ஆயில் ஊற்ற வேண்டும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் மண்ணைத் துடைத்துவிடுங்கள். அந்த மண் உள்ளே விழுந்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே பாதையில் போகிறது. எங்காவது ஒரு குழாய் விட்டால் நான்கிலும் பிரேக் போகும். அதனால் பார்க்க நன்றாக இருந்தவை உட்பட எல்லா ஹோஸையும் இரும்புக் குழாயையும் மாற்றினேன். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்கிக் கிட்டத்தில் இருப்பதில் முடிக்க வேண்டும். தங்கச்சி மகன் பெடலை மிதிக்க, நான் கீழே படுத்துத் திறந்து மூட, பெடல் கல்லு மாதிரி நின்றபோது வண்டியில் இன்னும் உயிர் இல்லை. ஆனால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்றதும் பலர் ஸ்டீயரிங் பாக்ஸின் திருகை இறுக்குகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங்கில் குறை. நிற்காவிட்டால், சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின்னில் குறை. என் வண்டியில் இரண்டு பக்கமும் கிங் பின் பேரிங். அதன் மூடிக்கு அடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். புதுப் பேரிங் போட்டு, சக்கரம் லேசான இறுக்கத்தோடு திரும்பும்வரை ஷிம்மைக் கூட்டிக் குறைக்க வேண்டும். பழைய ஜீப்புகள் குறிப்பிட்ட வேகத்தில் பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுவதற்குப் பெரும்பாலும் கிங் பின் பேரிங் தேய்வதும், இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டு தேய்வதும்தான் காரணம். இவை சரியான பிறகும் ஆட்டம் மிஞ்சினால், சக்கரத்தை நேராக வைத்துக்கொண்டு பாக்ஸைக் கொஞ்சமாக இறுக்கலாம்.

இதற்குள் இன்ஜின் நன்றாக ஊறியிருந்தது. இந்த ஜீப்பில் பம்பர் வழியாக ஹேண்டில் போட்டுச் சுற்றலாம் என்பது பெரிய வசதி. செல்ஃப் மோட்டாருக்கு இரக்கம் தெரியாது. கைக்கு எங்கே இடிக்கிறது, எங்கே விடுகிறது என்று தெரியும். அந்தக் காலத்தில் இதே வண்டியைத் தோட்டத்தில் ஓட்டிய பெரியவர் பார்க்க வந்திருந்தார். நான் ஹேண்டிலைப் பிடித்ததுமே, “தம்பி, கட்டவிரல மடக்காதீங்க, மத்த வெரலோட சேத்து வைங்க. வெட்டி அடிச்சா மணிக்கட்டு போயிரும்” என்றார். கீழேயிருந்து மேலே இழுக்க வேண்டும், ஒருபோதும் மேலேயிருந்து அழுத்தக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். பிளக் இல்லாமல் சுற்றும்போது உதைக்காது. ஆனாலும் கைப்பழக்கம் முதல் சுற்றிலிருந்தே வர வேண்டும்.

மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டியதில் சுற்ற ஆரம்பித்தது. சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்று சிலிண்டரில் ஊசி எழுகிறது, ஒன்றில் எழவே இல்லை. இந்த இடத்தில் பலர் பதறிப்போய் ஹெட்டை இறக்கிவிடுவார்கள். எஃப்-ஹெட் இன்ஜினில் புகை வால்வுகள் பிளாக்கில் இருப்பதால், நின்ற வண்டியில் அவற்றில் ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொள்வது சகஜம். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் வால்வின் காலும் ஸ்பிரிங்கும் கண்ணுக்குத் தெரியும். மூன்று ஸ்பிரிங்குகள் நீண்டிருந்தன. ஒன்று மட்டும் ஒடுங்கியபடியே நின்றது. துரு இளக்கும் எண்ணெயை அடித்து, காத்திருந்து, நெம்பிக் கீழே இறக்கி, சுற்றிச் சுற்றித் திறந்து மூடவைத்ததில் அது தன் வேலையைச் செய்யத் தொடங்கியது. ஹெட்டைத் தொடவே தேவைப்படவில்லை. மேல் வால்வுக்கு 0.018 அங்குலம், கீழ் வால்வுக்கு 0.016 அங்குலம் என்று குளிர்ந்த நிலையில் டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடுவது) வைத்தேன். கீழ் வால்வுகளுக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்துச் செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் இடம்.

இக்னிஷனில் பெரிய ரகசியம் இல்லை. பிளக்கில் பொறி எழக் காரணமான பிளாட்டினம் பாயிண்ட்டைத் தேய்த்து இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030 அங்குலம், சிலிண்டர்கள் எரியும் வரிசைப்படி பிளக் வயர் 1-3-4-2. துணி சுற்றிய பழைய வயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஃபியூஸ் வைத்துப் புது வயர் இழுத்தேன். பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் பழைய வயரை நம்ப எனக்கு மனமில்லை. ரேடியேட்டரைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டு அலசியபோது செம்மண் வந்துகொண்டே இருந்தது. பிளாக்கின் வடிகால் திருகையும் கழற்றிக் கம்பி விட்டுக் குத்த வேண்டும், அங்கேதான் சேறு இறுகியிருக்கும்.

புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே சுற்றி, ஆயில் பிரஷர் ஊசி அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டினேன். பழைய டாங்கைத் தொடாமல், ஒரு சின்ன கேனிலிருந்து நல்ல பெட்ரோல் கொடுத்தேன். ஸ்டார்ட் ஆனது. ஊறவைத்த எண்ணெயெல்லாம் எரிந்து தெருவே வெள்ளைப் புகை. அது அடங்கியதும் அந்த இன்ஜின் ஐடிலில் நின்ற விதம் இருக்கிறதே, நான்கு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலடி வைத்து நடப்பது தனித்தனியாகக் கேட்டது. மாமா வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டே நின்றார்.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃபிரம் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இளகும், விரிசல் விடும். எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும், நின்ற டாங்கில் துரு மறுபடி வரும். எத்தனால் தாங்கும் ஹோஸ், புது டயாஃபிரம், இடையில் ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். ஓட்டை விழுந்த டாங்கை எக்காரணம் கொண்டும் வீட்டில் வெல்டிங் வைக்காதீர்கள். காலி டாங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும். அதற்கென்று பழகிய பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பாகங்களுக்கு சென்னை புதுப்பேட்டையில் நாள் கணக்கில் சுற்றலாம். ஜீப்புக்கென்றே பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்தும் வரவழைக்கலாம். எங்கே வாங்கினாலும் பெயரைச் சொல்லி வாங்காமல், பழையதைக் கையில் எடுத்துப்போய் வெர்னியரில் அளந்து வாங்குங்கள். ஒரே பேக்கெட்டில் வந்த இரண்டு ஆயில் சீலில் ஒன்று அளவு தப்பியிருந்தது. மாட்டுவதற்கு முன்னால் அளந்ததால் தெரிந்தது.

பாடியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தரையில் அழுகிய பகுதிகளை வெட்டி, டிங்கர் வேலை தெரிந்தவரிடம் புதுத் தகடு வைத்தேன். ஓட்டையைப் பட்டி பூசி மறைத்த வண்டி இரண்டு மழைக்காலம் தாங்காது. சேஸிஸில் ஸ்பிரிங் மாட்டும் இடங்களைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும்.

சட்டப்படி இரண்டு வழி இருக்கிறது. சாதாரண ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். அல்லது 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோக வண்டியைத் தனியாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றிய வண்டி இதில் வராது. எனக்கு இந்த ஜீப் ஓட வேண்டும், அதனால் முதல் வழியில் போகிறேன். ஆனாலும் பழைய பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப் போடத் துடிக்கிறவர்கள் இந்த விதியை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் பலத்தைக் கொடுக்கும் ஃபோர் வீல் சமாச்சாரம். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் 90 நம்பர் ஆயிலில் ஜிஎல்-4 ரகமாகப் பார்த்து ஊற்றுங்கள். ஜிஎல்-5 ரகத்தில் கலக்கும் கந்தகச் சரக்கு உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன் சக்கரங்களை இணைக்கும் லிவரைப் போட்டால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும். வழுக்கும் மண்ணில் சக்கரம் கொஞ்சம் சறுக்கி அதைச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் சறுக்க வழியில்லாததால் முறுக்கு ஏறி, லிவர் எடுக்க வராமல் இறுகிவிடும். அப்படி இறுகினால் அடித்துப் பிடுங்காமல், கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் தளரும். இதே காரணத்துக்காக நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்கிவிடுவது நல்லது. ஃபோர் வீல் தேவையே இல்லாத ஊரில் இருந்தாலும் மாதம் ஒருமுறையாவது மண் பாதையில் லிவரைப் போட்டு, லோ கியரிலும் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். முன் ஆக்ஸிலின் சீல்களில் ஆயில் படும், பற்கள் துருப்பிடிக்காது, மலைக்குப் போகிற அன்றைக்கு லிவர் மக்கர் பண்ணாது.